உரோமையில் ஒரு வெளிச்ச வட்டம்

உரோமை நகருக்குத் திருயாத்திரை செல்லும் நம்மவர் புனித பேதுரு பேராலயத்தையும், புனித பவுலடியாரின் கல்லறையையும், கொலோசியத்தையும் காணாது திரும்புவதில்லை. ஆனால் தெர்மினி என்னும் பெரிய இரயில் நிலையத்திற்கு மிக அருகில் நிற்கும் ஓர் ஆலயத்தைப் பலர் ஏறிட்டும் பாராமல் கடந்து விடுகின்றனர். வெளியிலிருந்து நோக்கினால் அது ஆலயமாகவே தோன்றாது. இடிந்த பழஞ்செங்கற் சுவரில் வாயில் வைத்தாற்போல் இருக்கும். வானதூதர்கள், மறைசாட்சிகளின் புனித மரியா ஆலயம் என்பது அதன் பெயர். அந்த ஆலயத்தைப் பற்றியும், அதன் வழியாக நான் கற்ற ஒரு பாடத்தைப் பற்றியும் வாசக அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

கிறிஸ்தவர்களைக் கொடுமையாகத் துன்புறுத்திய தியோக்கிளேசியன் மன்னனின் பெயரால் கி.பி. 298 முதல் 306 வரை எழுப்பப்பட்ட நீராடு மண்டபங்களின் ஒரு பகுதியே இவ்வாலயம். 1561-ஆம் ஆண்டில் திருத்தந்தை 4-ஆம் பத்திநாதர் அதனை ஆலயமாக்கப் பணித்தார். அப்பணியை ஏற்ற மைக்கேல் ஆஞ்சலோவுக்கு அப்போது வயது எண்பத்தாறு. துன்புறுத்தியவன் பெயர் தாங்கிய மண்டபத்தில், துன்புற்றோரின் நினைவாகத் திருப்பலி நடைபெறுகிறது. இறைவனின் திருவுளத்தை எண்ணி வியவாதார் யார்?

உள்ளே நுழைந்தால், தரையில் சுமார் 45 மீட்டர் நீளத்திற்குப் பளிங்கினிடையே பதித்த ஓர் உலோகக் கோடு தென்படும். உயிர்ப்புத் திருநாளைப் பிழையறக் கணிக்கும் பொருட்டு 1582-இல் திருத்தந்தை 13-ஆம் கிரகோரியார் நாட்காட்டியைத் திருத்தியதை நாம் அறிவோம். அத்திருத்தம் சரிதானா என்று சூரியனைக் கொண்டே சோதிக்க விரும்பினார் திருத்தந்தை 11-ஆம் கிளமெண்ட். அவர் விருப்பப்படி பிராஞ்செஸ்கோ பியாங்கினி என்னும் வானியல் அறிஞர் 1702-இல் அமைத்து முடித்ததே இக்கோடு. பதினான்கு நூற்றாண்டுகள் நின்று நிலைத்த சுவர் இனி அசையாது என்பதாலேயே அவர் இவ்விடத்தைத் தேர்ந்தார். சுவரில் இருபது மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில் ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியே வரும் கதிர் தரையில் வட்டமாக விழுந்து, மெல்ல நகர்ந்து, சூரியன் உச்சியில் நிற்கும் அந்நொடியில் கோட்டைக் கடக்கும். கோடையில் வட்டம் சுவருக்கு அருகே விழும். மார்கழியில் கோட்டின் மறு கோடிக்குச் சென்றுவிடும். 1846 வரை உரோமை நகரத்துக் கடிகாரங்கள் இக்கோட்டைப் பார்த்தே சரி செய்யப்பட்டன.

2023 அக்டோபர் நடுவில் எங்கள் பங்கிலிருந்து ஒரு குழுவாக நாங்கள் அங்குச் சென்றோம். எழுபது வயதைக் கடந்த பெரியம்மா ஒருவரும் உடன் வந்தார். அவருடைய ஒரே மகள் இத்தாலியின் வடபகுதியில் மருத்துவமனையொன்றில் பணிபுரியும் அருட்சகோதரி. முந்தின நாள் மாலை தாயும் மகளும் ஒரு மணி நேரம் சந்தித்துப் பேசிப் பிரிந்திருந்தனர்.

பகல் ஒரு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கையில் வெளிச்ச வட்டம் கோட்டைத் தொட்டது. பெரியம்மா அதன் அருகே முழந்தாளிட்டார். “தம்பி, என் மகளுக்காக இங்கே ஒரு செபமாலை சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் போய்க்கொண்டிருங்கள்” என்றார். யாரும் போகவில்லை. நான் அக்காட்சியைப் படமெடுத்தேன்.

என் கேமராவின் தலையில் ஒரு சிறு கருவியைப் பொருத்தியிருந்தேன். எடுக்கும் ஒவ்வொரு படத்திலும், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை அது எழுதி வைக்கும். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் அனுப்பும் வானொலி அலைகளே அதற்கு ஆதாரம். அவற்றுள் குறைந்தது நான்கின் செய்தி கிடைத்தால், அலைகள் வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு தான் நிற்கும் இடத்தைக் கணிக்கும். ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் முந்நூறு மீட்டர் தவறிவிடும் நுட்பமான கணக்கு அது. திறந்த வெளியில் சில மீட்டர் பிழைக்குள் சரியாகவே சொல்லும். உயர்ந்த கட்டடங்கள் நெருங்கிய தெருவில் அலைகள் சுவரில் மோதித் திரும்பி வருவதால் தடுமாறும். தடித்த கூரையின் கீழோ அதற்கு ஒன்றும் கேட்பதில்லை.

அவ்வாறு கேளாதபோது சில கருவிகள் இடக் குறிப்பை வெறுமையாக விட்டுவிடும். வேறு சில, கடைசியாக அறிந்த இடத்தையே மீண்டும் எழுதும். என் கருவி இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதை நான் அன்று அறியேன்.

அவ்வாண்டு திருவருகைக் காலத்தில் பெரியம்மா திடீரென இறைவனடி சேர்ந்தார். அருட்சகோதரியால் அடக்கத்திற்கு வர இயலவில்லை. ஜனவரியில் அவர் தொலைபேசியில் அழைத்தார். “அண்ணா, தரையில் வெளிச்சம் விழும் ஒரு கோவிலில் எனக்காக வேண்டிக்கொண்டதாக அம்மா சொன்னார்கள். எந்தக் கோவில்? எனக்கு ஒரு நாள் விடுப்பு இருக்கிறது. அங்கே போய்ச் செபிக்க வேண்டும்” என்றார். நான்கு நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட ஆலயங்களைக் கண்டிருந்த எனக்குப் பெயர் நினைவில்லை. ஆயினும் கவலைப்படவில்லை, கருவி இருக்கிறதே! படத்திலிருந்த எண்களை எடுத்து அப்படியே அனுப்பி வைத்தேன். தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கங்கள். உள்ளங்கை அகலத்திற்குக் கணக்குச் சொல்லும் எண்கள்.

அருட்சகோதரி இரவெல்லாம் இரயிலில் பயணம் செய்து அவ்விடத்தை அடைந்தார். அங்கே ஆலயம் இல்லை. வத்திக்கானுக்கு அருகில் உள்ள ஒத்தாவியானோ சுரங்க இரயில் நிலையத்தின் வாயிலே இருந்தது. நாள் முழுதும் அக்கம் பக்கத்து ஆலயங்களில் தேடிவிட்டு, மாலையில் திரும்பினார். “பரவாயில்லை அண்ணா” என்ற அவர் குரலைக் கேட்டபோது நான் வெட்கித் தலை குனிந்தேன்.

பின்னர் அப்படத்தின் குறிப்புகளை முழுமையாக ஆராய்ந்தேன். படமெடுத்த நேரம் 12.57. இடத்தை அறிந்த நேரமோ உலகப் பொது நேரப்படி 10.18, அதாவது உரோமையில் 12.18. நாங்கள் ஒத்தாவியானோவில் இரயிலேறுமுன் கருவி இறுதியாக வானத்தைக் கண்ட நேரம் அது. அங்குக் கேமராவை அணைத்துப் பையில் வைத்தேன். ரெபூபிளிக்கா நிலையத்தில் இறங்கி நேரே ஆலயத்தினுள் சென்று எடுத்தேன். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், தடித்த சுவர்களுக்குள் நின்ற கருவி, பழைய இடத்தையே ஐயமின்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. இரு நேரங்களையும் ஒப்பிட்டிருந்தால் எனக்கு உண்மை விளங்கியிருக்கும். ஒப்பிடும் பொறுமைதான் இல்லாமற் போயிற்று.

பெரியம்மாவின் வீட்டிற்குச் சென்று விசாரித்தேன். அவர் யாத்திரையில் வைத்திருந்த சிறு நோட்டுப் புத்தகத்தை மருமகள் எடுத்துக் கொடுத்தார். அதில் பென்சிலால் எழுதியிருந்தது: “ரெபூபிளிக்கா ஸ்டேஷன் எதிரே மாதா கோவில். பழைய செங்கல் சுவர். தரையில் கோடு. மகளுக்காக ஐம்பத்து மூன்று மணி சொன்னேன்.” வழிகாட்டியிடம் கேட்டுக் கேட்டு அவர் எழுதிக்கொண்டதைக் கண்டு, ‘இதெல்லாம் எதற்கு, கருவி எழுதுகிறதே’ என்று நான் சிரித்ததுண்டு.

யாத்திரை செல்லும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. இத்தகைய கருவி பயனற்றது அன்று. புது ஊரில் இறங்கியதும் திறந்த வெளியில் சில நிமிடம் அதனை விழித்திருக்க விடுங்கள். ஆலயத்தினுள் நுழையுமுன் வாயிலிலே ஒரு படமும், பெயர்ப் பலகையை ஒரு படமும் எடுங்கள். கேமராவின் கடிகாரத்தை அவ்வூர் நேரத்திற்கு மாற்றுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, இடத்தின் பெயரைக் கையால் எழுதுங்கள்.

பியாங்கினியின் கோட்டை அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன். மேகம் மூடிய நாளில் அது வெறுமையாய்க் கிடக்கும். நேற்றைய வெளிச்சத்தை இன்று காட்டாது. அறியாததை அறியேன் என்று சொல்லாமற் சொல்லும் நேர்மை அதற்கு உண்டு. என் கருவிக்கு அது இல்லை. விசாரியாமல் விடை அனுப்பிய எனக்கும் அன்று அது இல்லை.

சூரியன் ஆண்டில் இருமுறை ஒரே உயரத்தில் உச்சிக்கு வருகிறது. அக்டோபர் நடுவில் வட்டம் விழும் அதே இடத்தில் பிப்ரவரி இறுதி வாரத்திலும் விழும். இதனைக் கணக்கிட்டு அருட்சகோதரிக்கு எழுதினேன். நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினேன். 2024 தவக்காலத்தில், பிப்ரவரி இறுதியில், அவருக்கு மீண்டும் ஒரு நாள் விடுப்புக் கிடைத்தது. அன்று வானத்தில் மேகமில்லை. பகல் 12 மணி 23 நிமிடத்திற்கு, தாய் முழந்தாளிட்ட அதே இடத்தில் மகளும் முழந்தாளிட்டு, தாயின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஐம்பத்து மூன்று மணி செபத்தைத் தொடங்கினார்.