கோரையிடம் கோபம் வேண்டாம்

சித்திரையில் அழகருக்காக மதுரைக்கும், புரட்டாசியில் திருப்பதிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை போகிறது. பெரியாழ்வார் நந்தவனத்தில் துளசியடியில் கோதையைக் கண்டெடுத்த கதையைக் கேட்கும்போதெல்லாம், அவர் அப்போது களைதான் கொத்திக்கொண்டிருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். நந்தவனம் வைத்தவருக்கு வேறென்ன வேலை?

எங்கள் தேவதானத்து மலையடிவார ஈரம் மல்லிகையைவிடக் கோரைக்குத்தான் அதிகம் பிடிக்கும். நெல் வயலென்றால் அறுப்பு முடிந்ததும் உழுது போடலாம். மல்லிகை ஒருமுறை நட்டால் பத்து வருஷத்துக்கு மேல் நிற்கிற செடி. வேரில் காயம் படாமல் அதன் காலடியிலேயே வேலை பார்க்க வேண்டும். களைக்கொல்லி தெளித்தால் சாரல் மல்லிகை இலையிலும் படும்.

கோபத்தோடு கோரையைப் பிடுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். தழை கையோடு வந்துவிடும். கீழே சரமாகக் கோத்துக் கிடக்கும் கிழங்குகளில் அதுவரை தூங்கியதும் முளைவிடும். பங்காளிச் சண்டையும் இப்படித்தான். பஞ்சாயத்தில் மேலோடு வெட்டிவிட்டு வருவோம். அடுத்த கல்யாண வீட்டில் இரண்டு இடத்தில் முளைக்கும்.

பாலித்தீன் தாள் விரித்தாலும் கோரை குத்திக்கொண்டு வந்துவிடும். அதற்கு ஆகாதது நிழல் ஒன்றுதான். செடி படர்ந்து தரையை மூடிவிட்டால் தானாகவே நலிந்துபோகும். அதுவரை இடைவெளியைச் சும்மா விடாமல் கீரையோ உளுந்தோ போட்டு வையுங்கள். தழைக்கிற தழையைக் களைக்கொத்தியால் விடாமல் கொத்துங்கள். திரும்பத் திரும்பத் தழை இழந்தால் கிழங்கு இளைக்கும். அலுப்பான வேலைதான், ஆனால் அதுதான் பலிக்கும்.

கார்த்திகையில் ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்வோம் இல்லையா, அப்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். மூடியிருந்த தரையில் வெயில் விழும், ஐப்பசி மழையின் ஈரமும் இருக்கும்; எல்லாக் களையும் ஒன்றாகக் கிளம்பும். அந்த மாதம் தோட்டத்தை விட்டு வெளியூர் போகிறவர் பங்குனியில் பூவைக் குறை சொல்லக் கூடாது.

கீழாநெல்லி, மூக்கிரட்டை முளைத்தால் எனக்குப் பதற்றமில்லை. ஒன்று மருந்து, மற்றது கீரை. பார்த்தீனியத்துக்கு மட்டும் இரக்கம் காட்டாதீர்கள். 1950-களில் புணே பக்கம் கண்ணில் பட்டது இன்று நாடெங்கும் நிற்கிறது. ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். பூ வைப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், சிலருக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.