தரங்கம்பாடியில் மூன்று நாவல்கள்

கதை எழுதுகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் உண்டு. அதில் "என்றைக்காவது எழுத வேண்டியவை" என்று ஒரு ஜாபிதாவும் உண்டு. எழுதி வெளியான கதைகளைப் பற்றி யாராவது கேட்டால் நாம் சற்றுச் சங்கடத்துடன்தான் பதில் சொல்வோம். எழுதாத நாவல்களைப் பற்றிக் கேட்டாலோ, கேட்டவருக்கு ரயில் தவறிப் போகும் வரையில் பேசிக் கொண்டிருப்போம். எழுதாத நாவலில் பிழை ஏது? அதைக் கண்டித்து எழுத விமரிசகர்தான் ஏது?

நம்முடைய நோட்டுப் புத்தகத்தில் மூன்று பக்கங்கள் தரங்கம்பாடிக்குச் சொந்தமானவை. அவற்றை நாம் குறித்துக் கொண்டது 1984-ஆம் வருஷத்தில். நாற்பது வருஷங்களுக்குப் பிறகு அந்த நோட்டையும் எடுத்துக் கொண்டு மறுபடியும் அவ்வூருக்குப் போய் வந்தோம்.

முதல் தடவை மாயவரத்திலிருந்து ரயிலில் போனோம். அந்தக் கிளைப் பாதையில் வண்டி ஓடுவது 1986-ல் நின்று விட்டது. மாயவரமும் மயிலாடுதுறை என்ற பழம் பெயரைத் திரும்பப் பெற்று, இப்போது தனி ஜில்லாவின் தலைநகரமாகவும் ஆகிவிட்டது. ஆகவே இந்தத் தடவை பஸ்ஸில் ஏறினோம். செம்பொன்னார்கோயில், ஆக்கூர் எல்லாம் கடந்து, திருக்கடையூரைத் தாண்டியதும் காற்றில் உப்பு வாடை வந்தது. சிறிது நேரத்தில் 1792-ல் கட்டப்பட்ட வெள்ளை நிறக் கோட்டை வாசலின் முன்னால் இறங்கினோம். வாசலுக்குள் நுழைந்தால் ராஜ வீதி. அது நேரே கடலை நோக்கிப் போகிறது.

வீதியின் முடிவில் டான்ஸ்பர்க் கோட்டை. சற்று வடக்கே, அலைகளுக்கு அருகில், மாசிலாமணி நாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில் அது. அதன் முன் பாகத்தைக் கடல் எப்போதோ விழுங்கி விட்டது. நாம் முதலில் வந்தபோது ஒரு முதியவர் அங்கே நின்று கடலைச் சுட்டிக் காட்டி, "தம்பி! நீங்கள் கரையைப் பார்க்கிறீர்கள், நான் அதோ அலைக்கு நடுவில் இருக்கிற தெருவைப் பார்க்கிறேன்" என்று சொன்னார்.

அவர் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராயிருந்து ஓய்வு பெற்றவர். நாம் கதை எழுதுகிறவர் என்று தெரிந்ததும் அன்று முழுவதும் நம்மை விடவில்லை. நோட்டிலுள்ள மூன்று நாவல்களுக்கும் விதை போட்டவர் அவரேதான்.

முதலாவது நாவல் பொன் ஓலையைப் பற்றியது. 1620-ஆம் வருஷத்தில் டென்மார்க் தேசத்துக் கப்பல்கள் இக்கரைக்கு வந்தன. தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் அவர்களுக்கு இவ்வூரில் வாணிபம் செய்யவும் கோட்டை கட்டிக் கொள்ளவும் அநுமதி அளித்தார். டென்மார்க் அரசன் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் ஒரு கடிதமும் அனுப்பினார். அந்தப் பொன் ஓலை இன்றைக்கும் கோபன்ஹேகனில், அந்நாட்டு அரசாங்கத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதில் எழுத்தைப் பொறித்தவன் யார்? தான் ஒரு நாளும் பார்க்கப் போகாத ஊருக்குத் தன் கையெழுத்து கடல் கடந்து போகிறது என்பதை அவன் எண்ணிப் பார்த்திருப்பானா? அவன்தான் நம் முதல் நாவலின் கதாநாயகன்.

இரண்டாவது, ஓர் அச்சு இயந்திரத்தின் பிரயாணம். இதில் கற்பனைக்கு அதிக வேலை இல்லை. தரங்கம்பாடியிலிருந்த ஜெர்மானியப் பாதிரிமார்களுக்காக 1711-ல் லண்டனிலிருந்து ஓர் அச்சு இயந்திரம் கப்பலேறியது. வழியில் பிரேஸில் தேசத்து ரியோ டி ஜெனீரோவில் அந்தக் கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் அகப்பட்டுக் கொண்டது. பணம் கொடுத்து இயந்திரத்தை மீட்டார்கள். அதனுடன் வந்த அச்சுக்காரரோ வழியிலேயே ஜுரத்தில் இறந்து போனார். 1712-ல் இயந்திரம் மட்டும் தனியே வந்து இறங்கியது!

பிற்பாடு ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவை. காகிதத்தைத் தின்று தீர்த்தன. ஆகவே சின்ன எழுத்துக்களை இங்கேயே வார்த்தார்கள். அப்படியும் காகிதம் போதாமல், பக்கத்துப் பொறையாற்றில் காகிதப் பட்டறை ஒன்றும் வைத்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. தமிழ் எழுத்து அதற்கு வெகு காலம் முன்னதாகவே, 1578-ல், கொல்லத்தில் அச்சேறியிருக்கிறது. ஆயினும் எழுத்தும் காகிதமும் இக்கரையிலேயே தயாரித்து நூல் அச்சிட்டது பெரிய காரியந்தான். கரையில் நின்று அந்த இயந்திரத்தைத் தோணியிலிருந்து இறக்கிய கூலிக்காரனின் கண்ணால் இக்கதையைச் சொல்ல வேண்டும் என்பது நமது ஆசை.

மூன்றாவது நாவலைச் சொல்லும்போது முதியவரின் குரல் தணிந்து விட்டது. 1706-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் சீகன்பால்க் என்ற பாதிரியார் இங்கே வந்து இறங்கினார். அவருக்கு அப்போது வயது இருபத்து நாலு. தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. இவ்வூர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரைத் தம்முடைய வீட்டிலேயே வந்து பாடம் நடத்தச் சொன்னார். வாத்தியாருக்கு எழுபது வயது. சின்னஞ்சிறு பிள்ளைகளுடன் சீகன்பால்க்கும் சம்மணமிட்டு உட்கார்ந்து மணலில் விரலால் அகர ஆகாரம் எழுதினார். இரண்டே வருஷத்தில் தமிழ் ஏட்டுச் சுவடிகளைச் சேகரித்து, அவற்றுக்கு ஒரு ஜாபிதாவும் தயாரித்து விட்டார். சுவடி வாங்குவதற்காக உள்நாட்டுக்கு ஆள் அனுப்பினார். கணவனை இழந்த பெண்களிடமிருந்து அவர்கள் வீட்டு ஏடுகள் விலைக்கு வந்தன.

"பாதிரியார் பெயரைச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. அவருக்கு அகரம் சொல்லிக் கொடுத்த கிழவர் பெயர் என்ன? ஏட்டைக் கொடுத்த அந்த அம்மாள் பெயர் என்ன? அதைக் கொடுத்த அன்று இராத்திரி அந்த வீடு எப்படி இருந்திருக்கும்? தம்பி, முதலில் இதை எழுதுங்கள்" என்றார் முதியவர்.

"அடுத்த வருஷம் கட்டாயம் எழுதுகிறேன்" என்றோம். அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னோம். வாக்களிக்கிறபோது எல்லோரும் மனப்பூர்வமாகத்தான் சொல்கிறோம்.

அடுத்த வருஷம் வந்தது; வேறு வேலையும் வந்தது. பிறகு, இன்னும் கொஞ்சம் படித்து விட்டு எழுதலாம் என்று தோன்றியது. அதற்கும் பிறகு, இவ்வளவு நாள் காத்திருந்த நாவலைச் சாதாரணமாக எழுதி விடக் கூடாதே என்ற பயம் பிடித்துக் கொண்டது. தள்ளிப் போடுவதற்கு நமக்கு ஒரு பெரிய முன்னுதாரணமும் அகப்பட்டது. தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் வெளியாயிற்று. அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை இதே தரங்கம்பாடியிலும் மாயவரத்திலும் முன்சீபாக இருந்தவர். நாவல் வெளியானபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. "நமக்கும் காலம் இருக்கிறது" என்று வெகு நாள் சமாதானம் சொல்லிக் கொண்டோம். அவர் அதற்கு முன்பே நீதி நூலும் பிறவும் எழுதிக் குவித்திருந்தார் என்பதை மட்டும் வசதியாக மறந்து விட்டோம். ஐம்பத்து மூன்றும் நம்மைக் கடந்து போயிற்று.

இந்தத் தடவை முதியவரின் வீட்டைத் தேடிக் கண்டு பிடித்தோம். கதவைத் திறந்தவர் அவருடைய மருமகள். அவருக்கும் இப்போது தலை நரைத்திருந்தது. நாம் யாரென்று சொன்னதும் அந்த அம்மாள் சற்று நேரம் நம்மையே பார்த்தார்.

"நீங்கள்தானா அந்தக் கதை எழுதுகிறவர்? மாமா உங்களைப் பற்றிச் சொல்லிக் கொண்டே இருப்பார். புதுத் தொடர்கதை ஆரம்பம் என்று பத்திரிகையில் போட்டிருந்தால் போதும், மூக்குக் கண்ணாடியைக் கொண்டு வா என்பார். பார்த்துவிட்டு, 'இது இல்லை. அடுத்ததாயிருக்கும்' என்று மடித்து வைத்து விடுவார். கண் மங்கிய பிறகு என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். 2003-ல் காலமானார். நல்ல வேளை, மறு வருஷம் வந்த சுனாமியை அவர் பார்க்கவில்லை."

அவர் நம்மைக் குறை கூறவில்லை. காப்பி கொடுத்தார். "கதை வந்து விட்டதா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். "இன்னும் இல்லை, அம்மா" என்று சொல்வதற்குள் நமக்கு நா வறண்டு விட்டது.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி இந்தக் கடல் இவ்வூரில் எத்தனையோ உயிர்களைக் கொண்டு போயிற்று. அன்று அது சாதுவாகக் கல்லைத் தடவிக் கொண்டிருந்தது. மீன் வலையைப் பிரித்துக் கொண்டிருந்த இளைஞர் ஒருவரிடம், அலைக்கு நடுவில் முன்னொரு காலத்தில் தெரு இருந்ததாமே என்று விசாரித்தோம். "அப்படியா? யார் சொன்னார்கள்?" என்று ஆச்சரியத்துடன் கேட்டார். முதியவர் கண்ட தெருவை இப்போது அறிந்தவர் நாம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. நாமும் எழுதாமல் போனால் அதுவும் போயிற்று!

அன்றிரவு மாயவரத்தில் தங்கிய அறையில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தோம். புதிய குறிப்பு எதுவும் எழுதவில்லை. மூன்றாவது நாவலின் முதல் அத்தியாயத்தை ஆரம்பித்தோம். முதல் வரியிலேயே ஒரு கஷ்டம் வந்தது. மணலில் அகரம் எழுதிக் காட்டும் அந்த எழுபது வயது வாத்தியாருக்கு ஒரு பெயர் வேண்டும். நாம் படித்த சரித்திரப் புத்தகங்களில் அது இல்லை. வெகு நேரம் யோசிக்கவில்லை. நம் முதியவரின் பெயரையே அவருக்கு வைத்து விட்டோம்.

அந்தப் பெயர் என்னவென்று நேயர்கள் கேட்கலாம். இங்கே சொல்வதற்கில்லை, நாவலில் பார்த்துக் கொள்ளுங்கள். இதுவரை பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது.