தரங்கையில் விடுமுறையின் இறுதி நாள்

ஐரோப்பிய நகரங்களைக் கண்டு மீண்டோர் எழுதிய பிரயாணக் கட்டுரைகளை நம் மாணவர் பலர் விரும்பிப் படித்திருப்பர். அந்நகரங்களைக் காணும் பேறு, கெங்கவல்லியில் மரவள்ளி பயிரிடும் ஒருவரின் மகனாகிய எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஆயினும் சென்ற கோடை விடுமுறையின் இறுதி நாளைத் தரங்கம்பாடியிற் கழித்தேன். 1620 முதல் 1845 வரை, இடையிற் சில ஆண்டுகள் நீங்கலாக, டேனியர் வசமிருந்த ஊர் அது. கப்பலேறாமற் காணக்கூடிய ஐரோப்பிய நகரமென்று அதனைக் கூறலாம்.

என் தந்தையாரும் உடன் வந்தார். பொறையாற்றிலுள்ள சிற்றன்னையார் இல்லத்தில் முதல் நாளிரவு தங்கினோம். தந்தையார் புறப்பட்டது ஊர் பார்ப்பதற்கன்று. "தமிழை விட்டு வேறு பாடம் எடுத்துக்கொள், தம்பி, கிழங்கு விலையை நம்பி எத்தனை காலம் உன்னைப் படிக்க வைக்க முடியும்?" என்று விடுமுறை முழுதும் கேட்டுவந்தார். யான் விடை கூறாது நாட்களைத் தள்ளினேன். மறுநாள் கல்லூரிக்கு என்னுடன் வந்து ஆசிரியரிடம் பேசிவிடுவதென்று அவர் முடிவு செய்திருந்தார்.

நகரவாயிலைக் கடந்து ராஜ வீதியில் நுழைந்ததும் தந்தையார் நின்றுவிட்டார். வெண்சுவர்கள், தூண்கள் தாங்கிய தாழ்வாரங்கள், எதிரே கடல். ஆளரவமே இல்லை. வீரகனூர்ச் சந்தை நெரிசலிற் பழகியவர்க்கு அவ்வமைதி பிடிக்கவில்லை போலும். "இங்கே இருந்தவர்கள் எல்லாரும் எங்கே?" என்றார். "1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்," என்றேன். "ஊரையே விற்றார்களா!" என்று வியந்தார். அவர் நிலம் விற்பதைப் பற்றிச் சில மாதங்களாகப் பேசிவந்ததை அப்போது நினைத்தேன், வாய் திறக்கவில்லை.

டான்ஸ்பர்க் கோட்டையில், தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனிய மன்னருக்குப் பொன்னேட்டில் விடுத்த ஓலை இன்றும் கோபன்ஹேகனில் இருப்பதைச் சொன்னேன். "பொன்னில் எழுதினால் யாரும் பத்திரமாக வைத்திருப்பார்கள்," என்றார்.

பின்னர் 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்துட் சென்றோம். பீடத்தருகே சீகன்பால்கு ஐயர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1706-ஆம் ஆண்டு ஜூலையில், ஏறக்குறைய 24 வயதில், ஜெர்மனியிலிருந்து புறப்பட்டு டேனிய மன்னர் அனுப்ப இங்கு வந்தவர். திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகியவர். தம்மை அனுப்பிய நாட்டு அதிகாரிகளாலேயே நான்கு மாதம் சிறைப்பட்டவர். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சேற்றியவர். 1719-இல் 36 வயதில் மாண்டவர். இவற்றையெல்லாம் தேர்வுக்கு விடை எழுதுவதுபோல் ஒப்பித்தேன் என்பதை இங்கு ஒத்துக்கொள்ள வேண்டும்.

தந்தையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவு தூரம் வந்து தமிழ் படிக்க அவருடைய தகப்பனார் எப்படிச் சம்மதித்தார்?" என்றார்.

"அவர் தானிய வியாபாரி. இவர் சிறுவனாயிருக்கும்போதே தாயும் தந்தையும் இறந்துவிட்டார்கள்."

"பாவம், வேண்டாமென்று சொல்லவும் ஆளில்லை," என்றார். நெடுநேரம் கல்லறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் மாசிலாமணிநாதர் கோயிலருகே கற்களின்மேல் அமர்ந்தோம். அக்கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. தந்தையார் கடலைக் கண்டது அதுவே முதல் முறை. அலையில் இறங்கி ஒரு கை நீரள்ளி நாவில் வைத்துப் பார்த்து, சிறுபிள்ளைபோற் சிரித்தார். கல்லூரியைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை, யானும் கேட்கவில்லை.

இரவு மயிலாடுதுறைப் பேருந்து நிலையத்தில் என் பெட்டியை என் கையிற் கொடுத்துவிட்டு, ஊருக்குச் செல்லும் வழியாகப் பெரம்பலூர் வண்டியில் ஏறினார். யான் திகைத்து நின்றேன். வண்டி நகரும்போது சன்னலுக்கு வெளியே தலைநீட்டி, "விடுதிப் பணம் கட்ட எந்தத் தேதி கடைசி, தம்பி?" என்று கேட்டார்.