ரிப்போர்ட்ல மார்ஜினுக்குக் கீழ இருக்கற வரி

வாய்ப் புற்றுநோய் ஆபரேஷன் முடிஞ்சு பெத்தாலஜி ரிப்போர்ட் வந்ததும் எல்லாரும் முதல்ல தேடுறது 'மார்ஜின் கிளியர்'. வெட்டின ஓரத்துல கட்டி இல்லைன்னு அர்த்தம். நல்ல விஷயம்தான். ஆனா கொஞ்சம் கீழ பாருங்க. 'பெரிநியூரல் இன்வேஷன்: பிரசன்ட்'னு இருக்கா? இந்த த்ரெட் அதைப் பத்தித்தான்.

நரம்பு ஒரு கேபிள் மாதிரி. மூணு அடுக்கு உறை. புற்றுசெல் அந்த உறைக்குள்ள நுழைஞ்சிருந்தாலோ, நரம்போட சுற்றளவுல மூணுல ஒரு பங்காவது வளைச்சு ஒட்டியிருந்தாலோ அதுக்குப் பேர்தான் இது. நரம்புக்குள்ள நிணநீர்க் குழாய் இருக்கு, அது வழியா பரவுதுன்னு ரொம்ப காலம் நினைச்சாங்க. அப்படி ஒரு குழாயே அங்க இல்லை. நரம்பு சுரக்கற வளர்ச்சிப் புரதங்களைத் தேடித்தான் புற்றுசெல் வருது. நரம்பைப் பாதுகாக்க வேண்டிய ஷ்வான் செல்லே வழியும் காட்டுது. காவல்காரனே கதவைத் திறந்து விட்ட கதை!

நரம்பைப் பிடிச்சுட்டா, கட்டியை விட்டுத் தள்ளி, கண்ணுக்குத் தெரியாம தூரம் போகலாம். முகத்து நரம்புன்னா மண்டையோட்டு அடிவாரம் வரைக்கும்.

நம்ம ஓசூர் பக்கம் நைட் ஷிஃப்ட்ல தூக்கம் வராம இருக்க புகையிலை அதக்கறவங்க நிறைய. தமிழ்நாட்டுல 2013லயே குட்காவுக்குத் தடை. ஜூஜூவாடி தாண்டி பாக்கெட் வர்றது மட்டும் நிக்கல.

அப்படி ஒருத்தர், கான்ட்ராக்ட் தொழிலாளி. மார்ஜின் கிளியர், கழுத்து நெறிக்கட்டியும் சுத்தம். ஆனா நரம்புல இருக்கு. "கட்டியத்தான் எடுத்தாச்சே சார், அப்புறம் எதுக்கு கரண்டு?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. வாரத்துக்கு அஞ்சு நாள், ஆறு வாரம், 30 தடவை. பெங்களூரு 40 கிலோமீட்டர். லீவு போட்டா வேலை போயிடும். நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா பஸ் ஏறட்டுமான்னார். ரெண்டு மூணு வாரத்துல வாயெல்லாம் புண்ணாயிடும், கஞ்சி குடிக்கறதே கஷ்டம்னு சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்து மேசை மேல வெச்சார்.

இந்த வரி இருந்தாலே எல்லாருக்கும் கரண்டு வைக்கணும்னு இல்லை. எவ்வளவு பெரிய நரம்பு, எத்தனை இடம்னு பார்த்து முடிவு பண்ணுவாங்க. கேட்டுக்குங்க. தேவைன்னா ஆபரேஷன் ஆகி ஆறு வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், அதுக்கு முன்னாடியே பல்லைச் சரிபார்த்துடணும்.

ரிப்போர்ட் வரைக்கும் போகாதவங்களுக்கு: பல் பிடுங்கல, ஊசி போடல, ஆனா கீழ் உதடும் மோவாயும் ஒரு பக்கம் மரத்துப் போகுதா? இந்த வாரமே போய் வாயைக் காட்டுங்க.