வீடும் வட்டியும்

வீடு என்பது பழந்தமிழ்ச் சொல். 'விடு' என்னும் வேரிலிருந்து பிறந்த இச்சொல்லுக்கு விடுதலை என்னும் பொருளும் உண்டு. பகலெல்லாம் உழைத்தவன் தன் பாரத்தை இறக்கிவைத்து இளைப்பாறும் இடமாதலின் அப்பெயர் பொருந்திற்று என்று எனக்குத் தமிழ் கற்பித்த பெரியவர் விளக்குவார். இக்காலத்திலோ வீடு கட்டியவர் பலர் அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்தும் இளைப்பாற இயலாமல், மாதந்தோறும் கட்ட வேண்டிய தவணையை எண்ணிக்கொண்டிருக்கக் காண்கிறோம். இதன் காரணத்தைச் சிறிது ஆராய்வோம்.

எங்கள் ஊராகிய எருமப்பட்டி, நாமக்கல்லுக்குக் கிழக்குப் பக்கமாக, கொல்லிமலை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் அமைந்தது. என் இளமையில் இங்கு இருந்தவை பெரும்பாலும் மண்சுவரும் நாட்டு ஓடும் உடைய வீடுகளே. மண் நம் நிலத்தது. மரம் நம் தோட்டத்துப் பனை. சுவர் எழுப்ப உற்றார் உறவினர் கைகொடுப்பர். கடலை நன்றாக விளைந்த ஆண்டில் ஓர் அறை கூடும். மழை பொய்த்த ஆண்டில் சுவர் பாதியிலேயே நிற்கும். வரவு வளர வளர வீடும் வளர்ந்தது. அவ்வீடுகளில் தேளும் பூரானும் உடன்வாழ்ந்தன என்பதையும் நான் மறைக்கவில்லை. சிமெண்டும் கம்பியும் கொண்டு ஒரே மூச்சிற் கட்டும் இன்றைய வீட்டுக்குப் பெருந்தொகை ஒருங்கே வேண்டும். ஆதலின் வங்கிக்கடன் வேண்டும். அதைத் தவறென்று நான் கூறேன். கடனின் இயல்பை அறியாமல் கையொப்பம் இடுவதே இடர்.

கடனின் உயிர் வட்டியில் இருக்கிறது. வட்டியைக் குறிக்கப் பண்டைக் கல்வெட்டுகளில் 'பொலிசை' என்னும் சொல் வழங்குகிறது. பொலிதலாவது பெருகுதல்; களத்தில் நெல் அளக்கும்போது 'பொலி, பொலி' என்று உழவர் வாழ்த்துவதை நீங்கள் கேட்டிருக்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் பல உள்ளன. கோயிலுக்கு அளிக்கப்பெற்ற காசுகளை ஊர்ச் சபையார் முதலாகப் பெற்றுக்கொண்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசையாகச் செலுத்தி வந்த செய்தியை அவற்றிற் காணலாம். அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. இன்றைய வழக்கிற் கூறினால் 12.5 விழுக்காடு. சற்று மிகுதிதான். ஆயினும் அந்த அளவு நிலவும் கதிரும் உள்ளவரை நிற்பதாகக் கல்லில் வெட்டப்பட்டது. கொடுப்பவனும் பெறுபவனும் நாளைய கணக்கை இன்றே அறிந்திருந்தனர்.

இன்று நம் நாட்டில் வீட்டுக்கடன் வட்டி பெரும்பாலும் அத்தகையதன்று. அது மாறும் வட்டி. வங்கிகளுக்கெல்லாம் வங்கியாக இருப்பது 1935ஆம் ஆண்டில் தொடங்கிய ரிசர்வ் வங்கி. அது பிற வங்கிகளுக்குக் குறுகிய காலத்துக்குக் கடன் கொடுக்கும்போது பெறும் வட்டியை ரெப்போ வட்டி என்பர். மாறும் வட்டிக்குக் கொடுக்கும் புதிய வீட்டுக்கடன்களை வங்கிகள் தாமே வகுத்த அளவோடு அன்றி, வெளியே உள்ள ஓர் அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்று 2019 அக்டோபர் முதல் நாளிலிருந்து விதி வந்தது. பல வங்கிகள் ரெப்போவையே அளவுகோலாகக் கொண்டன. ஆகவே அது ஏறினால் மூன்று மாதங்களுக்குள் எருமப்பட்டியில் உள்ளவரின் வீட்டுக்கடன் வட்டியும் ஏறும்.

அவ்வாறே ஏறவும் செய்தது. 2022ஆம் ஆண்டில் உக்ரைன் போரை ஒட்டி எண்ணெய் முதலிய பொருள்களின் விலை உயர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் நம் நாட்டுச் சில்லறை விலையேற்றம் 7.79 விழுக்காட்டை எட்டியது. ரிசர்வ் வங்கி காக்க வேண்டிய மேல் எல்லையோ 6 விழுக்காடு. வட்டி உயர்ந்தால் மக்கள் கடன் வாங்குவதும் செலவிடுவதும் குறையும். விலைகள் தணியும் என்பது பொருளியலார் கொள்கை. 2022 மே மாதம் 4ஆம் நாள் 4 விழுக்காட்டிலிருந்து 4.40 ஆகிய ரெப்போ வட்டி, ஆறு முறை ஏறி, 2023 பிப்ரவரி 8ஆம் நாள் 6.50 ஆயிற்று. காய்ச்சல் நாடு முழுவதற்கும். கசப்பு மருந்தின் பெரும்பங்கைக் குடித்தவரோ கடன்பட்டவர். அமெரிக்காவிலும் அக்காலத்தில் வட்டி கடுமையாக ஏறியது. ஆனால் அங்கே வீட்டுக்கடன் பெரும்பாலும் முப்பது ஆண்டுக்கும் ஒரே வட்டி உடையதாதலின், முன்பே வீடு வாங்கியவரின் தவணை அசையவில்லை.

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றிற் பற்றவைப்பு வேலை செய்பவர். நாற்பது வயதை எட்டியவர். 2021ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 7 விழுக்காட்டு வட்டிக்குப் பதினைந்து ஆண்டுக் கடன் பெற்று வீடு கட்டினார். வட்டி ஏறுகிறது என்று செய்தித்தாளிற் படித்தபோதும் அவர் கலங்கவில்லை. ஏனெனில் மாதத் தவணை ஒரு ரூபாயும் கூடவில்லை. "நம்ம கடனுக்கு ஒன்றும் ஆகவில்லை போலிருக்கிறது, ஐயா" என்று மகிழ்ச்சியோடு கூறினார். 2023ஆம் ஆண்டின் கோடையில், பத்தாம் வகுப்பிற்குச் செல்லவிருந்த அவர் மகள், கைப்பேசிக்கு வங்கியிலிருந்து வந்த செய்தியை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். தவணை அப்படியே இருந்தது. கடன் முடியும் ஆண்டு மட்டும் மிகத் தொலைவுக்குப் போயிருந்தது.

"கண்ணு, உனக்குக் கூட்டுவட்டி தெரியுமல்லவா? ஏட்டை எடு" என்றேன். அவர் வாங்கிய தொகையை இங்கே எழுதுவது முறையன்று. கணக்குக்காகப் பத்து இலட்ச ரூபாய் என்றும், தொடக்கத்திலேயே வட்டி ஏறிவிட்டது என்றும் கொள்வோம். 7 விழுக்காட்டில் பதினைந்து ஆண்டுக்கு மாதத் தவணை 8,988 ரூபாய். முதல் மாதத் தவணையில் 5,833 ரூபாய் வட்டிக்குப் போகும். 3,155 ரூபாய் முதலைக் குறைக்கும். வட்டி 9.5 விழுக்காடாயின், அதே 8,988 ரூபாயில் 7,917 ரூபாயை வட்டியே விழுங்கிவிடும். முதலுக்குக் கிடைப்பது 1,071 ரூபாய்தான். 180 மாதங்களில் தீர வேண்டிய கடன் 270 மாதம் நீளும். அஃதாவது இருபத்திரண்டரை ஆண்டு. அந்தப் பெண் மும்முறை கூட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்போ அப்பாவுக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிவிடுமே, தாத்தா" என்றாள். அந்த வயதில் நெருப்பின் முன் அமர்ந்து இரும்பை இணைக்கும் கண் யாருக்கு இருக்கும்? நான் விடை கூறவில்லை.

இருபது ஆண்டுக் கடன் பெற்றவர் நிலை இன்னும் கொடிது. பத்து இலட்சத்துக்கு 7 விழுக்காட்டில் அவர் தவணை 7,753 ரூபாய். 9.5 விழுக்காட்டில் ஒரு மாத வட்டியே 7,917 ரூபாய். தவணை முழுவதும் கட்டியும் கடன் குறையாது, வளரும்! ஓட்டைக் குடத்தில் நீர் மொண்டவன்கூட வெறுங்குடத்தோடு திரும்புவான். இவனோ குடத்தையும் இழப்பான்.

இந்நிலையைக் கண்டே ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டு 18ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தது. வட்டி மாறும்போது, தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் சிறிது சிறிது செய்வதா என்று தெரிவு செய்யும் உரிமை கடன் பெற்றவருக்கு உண்டு. எத்தனை தவணை எஞ்சியுள்ளது, அதுவரை வட்டிக்கும் முதலுக்கும் எவ்வளவு சென்றது என்ற விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கி தர வேண்டும். தவணை வட்டிக்கும் போதாத நிலை வரலாகாது. மாறும் வட்டியில் வீட்டுக்கடன் பெற்ற தனிமனிதர் முன்கூட்டியே பணம் கட்டினால் தண்டம் வாங்கலாகாது என்பது 2012 முதலே உள்ள விதி. இவையெல்லாம் நம் அண்டைவீட்டாருக்குத் தெரியா. அவர் சென்ற வங்கிக் கிளையில் எடுத்துரைப்பார் எவருமில்லை.

நண்பர் ஒருவர் அவருக்கு வேறொரு வழி காட்டினார்: தண்டல். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 ரூபாய் கையிற் கொடுப்பர். நாளுக்கு 100 ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். போனது 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். நாள்தோறும் முதல் குறைந்து வருவதைக் கணக்கில் கொண்டால், அஃது ஆண்டுக்கு ஏறத்தாழ 120 விழுக்காட்டு வட்டியாகும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைத் தடை செய்து தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஒன்பதரை விழுக்காட்டுக்கு அஞ்சி நூற்றிருபதின் வாயிற் புகுவது எத்தகைய விவேகம்? இதை அவரிடம் சற்றுக் கடுமையாகவே கூறினேன். அவர் சினங்கொள்ளவில்லை.

பிறகு வீட்டார் அனைவரும் அமர்ந்து வரவுசெலவு எழுதினர். எழுதியவள் மகள், எதிலும் விட்டுக்கொடுக்காதவர் அவள் தாய். அவ்வம்மையார் இரண்டு ஆண்டுகளாகக் கட்டிவந்த ஏலச்சீட்டிற் சேர்ந்த 50,000 ரூபாய் கையிலிருந்தது. வீட்டுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பி இரும்புக் கதவு வைக்க வேண்டும் என்பது அவர் நெடுநாள் ஆசை. எங்கள் கணக்கின்படி அப்பணத்தை முதலிற் கட்டினால் 270 மாதம் 230 மாதமாகக் குறையும். ஐம்பதாயிரம் கொடுத்து நாற்பது தவணைகளைத் தள்ளலாம். அவற்றின் மதிப்பு ஏறத்தாழ மூன்றரை இலட்சம். தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கட்டிவந்த தவணை முடியும் தறுவாயில் இருந்தது. அது முடிந்ததும் வேறு பொருள் வாங்காமல் மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டினால் 177 மாதம். பழைய பதினைந்து ஆண்டுக்கும் மூன்று மாதம் குறைவு! அவ்வம்மையார் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்பு, "கதவு எங்கே ஓடிப்போகிறது?" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனார்.

இடையில் ஒன்று கூறவேண்டும். அதே வட்டி உயர்வு எனக்கு வரவாயிற்று. அஞ்சலகத்து மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 7.4 விழுக்காடு, 2023 ஏப்ரலில் 8.2 ஆயிற்று. என் சிறு சேமிப்பை அவ்வாண்டு மே மாதத்தில் அதிற் போட்டேன். போட்ட நாளின் வட்டி ஐந்து ஆண்டுக்கு மாறாது. கொடுத்த எனக்கு நிலைத்த வட்டி; வாங்கிய அவருக்கு அலையும் வட்டி! ஒரே தெருவில் ஒரே காற்று ஒருவர் பந்தலைத் தூக்கி எறிந்தது; மற்றொருவர் நெல்லைத் தூற்றிக் கொடுத்தது. அவர் முன்னிலையில் என் கணக்கைப் பற்றி நான் பேசுவதில்லை.

2025 பிப்ரவரியில் ரெப்போ வட்டி இறங்கத் தொடங்கி, ஜூன் மாதத்தில் 5.50 ஆயிற்று. தவணையைக் குறைக்கலாமா என்று அவர் கேட்க வந்தார். பத்தாம் வகுப்பைத் தாண்டிக் கல்லூரி வாயிலில் நின்ற மகள் எனக்கு முன்பே விடை கூறிவிட்டாள்: தவணை அப்படியே இருக்கட்டும், மாதங்கள் குறையட்டும் என்று. அவ்வாறே எழுதிக் கொடுத்து வந்தனர். வீட்டைச் சுற்றி இன்றும் கிளுவை வேலிதான். ஊருக்கெல்லாம் இரும்பை இணைத்துக் கொடுப்பவர் வீட்டில் மூங்கிற் படலைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஆடுகள் வந்து வேலித் தழையை மேய்ந்தால் அவ்வம்மையார் விரட்டுவார்.