இந்திரா நகருக்கு ஒரு பயணம்

அடையாறு என்றதும் நம் மக்களுக்குப் பெரும்பாலும் இரண்டு இடங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரம். மற்றது, புற்றுநோய் மருத்துவமனை. முன்னதைப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலாவில் கண்டு மகிழ்வர். பின்னதைத் தேடிக் குடும்பங்கள் மனம் நடுங்கச் செல்லும். அதே வட்டாரத்தில் மூன்றாவதாக ஓர் இடம் உண்டு. அதன் பெயரை நம் பங்குகளில் பலர் அறியார். அறிந்தவரும் உரக்கச் சொல்லார். இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை அது. குடிக்கும் போதைக்கும் அடிமையானோருக்கு மருத்துவம் செய்யும் இல்லம்.

நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் பொருட்டு நாம் அங்குச் செல்ல நேர்ந்தது. நமது பங்கு தென்கோடிக் கடற்கரையில் உள்ளது. குடும்பத் தலைவர் விசைப்படகுத் தொழிலாளி, வயது 38. கைத்தொழிலில் வல்லவர், நல்ல குரல்வளம் உடையவர், ஒரு காலத்தில் பாடற்குழுவில் முன்வரிசையில் நின்றவர். பெயர் வேண்டாம். அவருடைய தாயாரும் மனைவியும் நாமுமாக மூவர் புறப்பட்டோம். நோயாளி வரவில்லை! "எனக்கு என்ன வந்திருக்கு, நீங்க வேணும்னா போய்ப் படுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே சென்றுவிட்டார். அண்டை வீட்டாரிடம் இவ்விரு பெண்களும் வேளாங்கண்ணிக்குப் போவதாகச் சொல்லியிருந்தனர். அன்னை மரியா பொறுத்துக்கொள்வார் என்றே நம்புகிறோம்.

முத்துநகர் விரைவு வண்டி இரவில் தூத்துக்குடியை விட்டுப் புறப்படுகிறது. மதுரை வரும்வரை இருவரும் வாய் திறக்கவில்லை. அதன்பின் தாயார் பேசத் தொடங்கினார். மகன் மூன்றுமுறை பீடத்தின்முன் சத்தியம் செய்தானாம். முதன்முறை மூன்று மாதம் தாங்கியது. இரண்டாம் முறை நாற்பது நாள். கடைசிச் சத்தியம் அவ்வாரச் சனிக்கிழமையைக் காணவில்லை. "பொய்ச் சத்தியம் பண்ணினானா சாமி?" என்று கேட்டார். பொய்ச் சத்தியம் அன்று என்றே நாம் கருதுகிறோம். சத்தியம் செய்த நொடியில் அவர் உள்ளம் அதை மெய்யாகவே விரும்பியிருக்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் மதுவுக்குப் பழகிய மூளையும் நரம்பும் அச்சத்தியத்தில் கையொப்பம் இடவில்லை. குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடலாம். கைநடுக்கத்தை அறிக்கையிட்டு நீக்கிக்கொள்ள இயலாது. அதற்கு மருத்துவர் வேண்டும்.

திண்டுக்கல் தாண்டியபின் மனைவி தம் கைப்பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். 'குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கலாம்' என்ற விளம்பரத்தைக் கண்டு வாங்கியதாம். இன்னும் கலக்கவில்லை, பயமாக இருந்ததாம். அந்தப் பயம் அவருடைய வீட்டைக் காத்தது என்றே சொல்லவேண்டும். இவ்வகைப் பொட்டலங்களில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை. டைசல்பிரம் என்ற மாத்திரை ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துவது மெய்தான். அதை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து, சிலர் உயிரையும் இழக்க நேரிடும். ஆகையால்தான் ஈரலையும் இதயத்தையும் சோதித்து, நோயாளிக்கு யாவற்றையும் விளக்கி, அவர் இசைந்த பின்னரே கொடுக்கின்றனர். அறியாதவர் இலையில் அதை ஒளித்து வைப்பது மருத்துவம் ஆகாது.

காலையில் தாம்பரத்தில் இறங்கி மின்ரயில் ஏறினோம். பல்லாவரம் கடந்ததும் பரங்கிமலை தெரிந்தது. புனித தோமையார் உயிர்நீத்த இடமாக நம் முன்னோர் போற்றிவரும் மலை. தாயார் எழுந்து நின்று சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். கிண்டியில் இறங்கி ஆட்டோவில் சர்தார் பட்டேல் சாலை வழியே சென்றோம். ஆளுநர் மாளிகையும் பொறியியல் கல்விக்கூடங்களும் மரநிழலும் நிறைந்த அச்சாலையில், புற்றுநோய் நிலையத்தின் வாயிலில் மக்கள் சோற்றுப் பாத்திரங்களோடு அமர்ந்திருந்தனர். மத்திய கைலாசம் கோயிலைக் கடந்து திரும்பினால் இந்திரா நகர்.

இவ்விரு மருத்துவமனைகளும் ஒரே வட்டாரத்தில் அமைந்தது தற்செயல்தான். ஆயினும் இரண்டின் பிறப்பும் ஏறத்தாழ ஒன்றே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரத்தை நெஞ்சில் சுமந்து 1954-ல் புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். முன்னாள் மத்திய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரனான டி.டி. ரங்கநாதன், குடிநோயால் 1979-ல் இளவயதிலேயே மாண்டார். செல்வம் இருந்தது, செல்வாக்கு இருந்தது. எங்கே அழைத்துச் செல்வது என்ற கேள்விக்கு மட்டும் அந்நாளில் தகுந்த விடை இல்லை. அவருடைய துணைவியார் சாந்தி ரங்கநாதன் வெட்கப்பட்டு வீட்டுக்குள் ஒடுங்கிவிடவில்லை. அமெரிக்க நாட்டு மின்னசோட்டாவில் உள்ள ஹேசல்டன் நிலையத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, கணவர் பெயரால் 1980-ல் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததே இம்மருத்துவமனை. 1992-ல் பத்மஸ்ரீ விருதும், 1999-ல் ஐக்கிய நாடுகள் சபையின் வியன்னா விருதும் அவரைத் தேடி வந்தன. ஒரு கைம்பெண், 'என் கணவர் குடியால் இறந்தார்' என்று ஊரறியச் சொல்லத் துணிந்தாரே, விருதுகளைவிட அதுவே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. நம் ஊர்களில் இறப்புப் பதிவேட்டில் 'மஞ்சள் காமாலை' என்றும் 'நெஞ்சுவலி' என்றும் எழுதப்படும் சாவுகள் எத்தனையோ!

உள்ளே நாம் எதிர்பார்த்த பூட்டும் கம்பிக்கதவும் கண்ணில் படவில்லை. குடும்பத்தாரோடு பேசுவதற்கென்றே ஆலோசகர்கள் இருக்கின்றனர். நம்மைச் சந்தித்த பெண்மணி முதலில் நோயாளியைப் பற்றிக் கேட்கவில்லை. "நீங்க ராத்திரி தூங்குறீங்களா?" என்று மனைவியைக் கேட்டார். அதற்கு விடை சொல்ல அப்பெண்ணுக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. முதல் பத்து நிமிடமும் அழுகைதான்.

"அவரு வராம நாங்க மட்டும் வந்து என்ன பிரயோசனம்?" என்று தாயார் கேட்டார். நாமும் அதே கேள்வியைத்தான் உள்ளத்தில் சுமந்து சென்றோம். குடிநோய் ஒருவர் உடலில் குடியிருந்தாலும் வீடு முழுவதும் அதற்கேற்ப வளைந்துவிடுகிறது என்பதே அவர்கள் தந்த விளக்கத்தின் சாரம். எண்ணிப் பார்த்தால் உண்மை. படகு முதலாளியிடம் 'காய்ச்சல்' என்று சொல்லி அனுப்புபவர் மனைவி. கடைக்கடனைத் தம் நகையை அடகு வைத்து அடைப்பவர் தாயார். இரவு விழுந்து கிடந்த இடத்திலிருந்து தூக்கி வந்து, கழுவி, மாற்றுடை உடுத்துபவர் மனைவி. விடிந்ததும் அவர் காண்பது சுத்தமான பாயும் சூடான காப்பியும்! தம் குடியின் விலையை அவர் ஒருநாளும் கண்டதில்லை; விலை கொடுத்தவர் பிறர். அன்பினால் செய்த காரியங்களே இவை. எனினும் நோய்க்கு இவை நிழலாகிவிட்டன.

ஆகவே, குடும்பம் முதலில் மாறலாம். நோயாளியின் சம்மதத்துக்காக அது காத்திருக்கத் தேவையில்லை. சோறு உண்டு, மருத்துவம் உண்டு, அன்பு உண்டு. பொய் இல்லை, குடிக்கக் காசு இல்லை, கடனடைப்பு இல்லை. போதையில் இருப்பவரிடம் வழக்காடுவது வீண். தெளிந்த வேளையில், குடும்பத்தார் யாவரும் ஒரே குரலில், நடந்ததை நடந்தபடியே சொல்லவேண்டும். 'குடிகாரப் பயலே' என்பதால் பயனில்லை. 'வியாழக்கிழமை இரவு நீ மகளின் பள்ளிக்கட்டணத்தை எடுத்துச் சென்றாய்' என்பது பயன் தரும். அவர் 'சரி' என்று சொல்லும் நாளன்று எங்கே செல்வது, யார் உடன் வருவது, பணம் எவ்வளவு என்பன முன்னமே ஆயத்தமாக இருக்கவேண்டும். அந்தச் 'சரி' சில மணி நேரமே நிற்கும். கை உயர்த்தும் கணவரானால் முதலில் பெண்ணும் பிள்ளைகளும் பத்திரமான இடத்தில் இருக்கவேண்டும் என்பதையும் ஆலோசகர் அழுத்திச் சொன்னார்.

ஊர் திரும்பினோம். அதன்பின் ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் அவ்வீட்டில் இருந்த கொந்தளிப்பை இங்கு விவரிக்க விரும்பவில்லை. முதலாளி ஆள் அனுப்பியபோது மனைவி, "குடிச்சிட்டுப் படுத்திருக்காரு" என்று மட்டும் சொன்னார். தெருவே திரும்பிப் பார்த்தது. ஒரு ஞாயிறு காலை தாயார், மனைவி, அண்ணன், நாம் ஆகிய நால்வரும் அவரோடு அமர்ந்தோம். "இனி உனக்காகப் பொய் சொல்லமாட்டேன் ராசா, ஆஸ்பத்திரிக்கு வந்தா உன் காலடியில கிடப்பேன்" என்றார் தாயார். அவர் எழுந்து போய்விட்டார். மூன்றாம் நாள் இரவு பங்கு இல்லத்தின் வாசலில் வந்து நின்று, "எப்ப போகணும் சாமி?" என்றார்.

உடனே வண்டி ஏறிவிடலாம் என்றே அண்ணன் துடித்தார். கூடாது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தோன்றும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே சித்தம் கலங்கி, இல்லாததைக் கண்டு அலறும் நிலையும் வரலாம். மருத்துவம் இன்றேல் அது உயிரைக் கொண்டுபோகவும் கூடும். ஓர் இரவு முழுதும் ஓடும் ரயிலில் இது நேர்ந்தால் யார் என்ன செய்வது? 'நான்கு நாள் அறையில் பூட்டி வைத்தால் தெளிந்துவிடும்' என்பாருக்கும் இதுவே நம் விடை. முதலில் மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்தோம். நடுக்கத்தை அடக்கும் மருந்தும் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தும் கொடுத்தனர். பத்தாம் நாள் அவர் தாமே நடந்து வந்து ரயில் ஏறினார்.

இந்திரா நகரில் நோயாளி தங்கியிருக்கும் காலத்திலேயே குடும்பத்தாருக்கும் தனியே வகுப்புகள் நடக்கின்றன. கணவரைக் காவல் காக்கப் போவதாக எண்ணிச் சென்ற மனைவி, அங்குத் தம்மைப் போன்ற பெண்கள் பலரைக் கண்டார். வங்கி அதிகாரியின் மனைவியும் லாரி ஓட்டுநரின் தாயும் ஒரே பெஞ்சில்! நாம் கண்ட காட்சிகளுள் மனத்தில் தங்கியது அதுவே.

அமெரிக்காவில் ஏக்ரன் நகரத்துப் புனித தோமையார் மருத்துவமனையில், 1939 முதல் குடிநோயாளரை ஏற்றுக் கவனித்தவர் சகோதரி இக்னேஷியா என்ற துறவி. இல்லம் திரும்பும் ஒவ்வொருவரிடமும் திரு இருதயப் பதக்கம் ஒன்றைக் கொடுத்து, 'மறுபடி குடிக்கும் எண்ணம் வந்தால், குடிக்குமுன் இதை என்னிடம் திருப்பிக் கொடு' என்று கேட்டுக்கொள்வாராம். மருந்தும் பதக்கமும் ஒன்றையொன்று தள்ளிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எல்லாராலும் சென்னை செல்ல இயலாது. இந்த அறக்கட்டளையே அதை உணர்ந்து, இன்று திருவாரூர் மாவட்டத்தில் உள்ள மஞ்சக்குடி கிராமத்தில் 1989-ல் பதினைந்து நாள் முகாம் நடத்தியது. ஊரார் இடம் கொடுத்தால், மருத்துவக் குழு அங்கு வந்து நோயாளரையும் குடும்பத்தாரையும் கவனிக்கும் ஏற்பாடு. திருமணக் காலம் தவிர்த்துப் பூட்டிக் கிடக்கும் பங்கு மண்டபங்கள் நம்மிடம் எத்தனை! அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் இதற்கு மருத்துவம் உண்டு. 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் மத்திய அரசின் ஆலோசனை கிடைக்கும்.

தெருமுனை விளம்பரத்தை மட்டும் நம்பி எங்கும் விட்டுவிடவேண்டாம். உரிமம் உண்டா, மருத்துவர் நாள்தோறும் வருகிறாரா, வீட்டார் வந்து பார்க்கலாமா எனக் கேளுங்கள். 'ஆறு மாதம் யாரும் வரக்கூடாது' என்றால் திரும்பிவிடுங்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டதை நம் பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது; குடிநோயாளருக்கும் அச்சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

நம் படகுத் தொழிலாளி வீடு திரும்பி ஓராண்டும் இரண்டு மாதமும் ஆகின்றன. ஏழாம் மாதத்தில், அண்ணன் மகன் திருமணத்தன்று, ஒருமுறை சறுக்கினார். பழைய வழக்கப்படி மனைவி அதை மறைத்திருப்பார்; இம்முறை மறுநாள் காலையே ஆலோசகரைத் தொலைபேசியில் அழைத்து, அந்த வாரமே இருவரும் சென்னை சென்று வந்தனர். சறுக்கல் இந்நோயில் நேர்வதுதான் என்றும், விரைவில் திரும்பி வருவதே முக்கியம் என்றும் அங்கே சொன்னார்களாம். பாடற்குழுவில் அவர் இன்னும் சேரவில்லை. அழைத்தோம், "கொஞ்சம் போகட்டும் சாமி" என்கிறார். அடுத்த மாதம் எட்டாம் தேதி மறு பரிசோதனை. முத்துநகர் வண்டியில் இரண்டு இடங்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கே போகிறீர்கள் என்று அண்டை வீட்டார் கேட்டதற்கு, "இந்திரா நகர் ஆஸ்பத்திரிக்கு" என்று அவரே சொன்னாராம்.