ஆம்பூர் எந்த மாவட்டம்?

திங்கள்

கணக்குப் பிரிவு அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, விற்பனை ரிப்போர்ட்டை மாவட்ட வாரியா பார்க்கணும்." எங்களிடம் 2014 முதல் பில்கள் இருக்கின்றன. அத்தனையையும் தினமும் இழுக்க முடியாது. அதனால் பவர் பிஐ இரவுதோறும் கடைசி 10 நாளை மட்டும் புதுப்பிக்கிறது. ரேஞ்ச்ஸ்டார்ட், ரேஞ்ச்எண்ட் என்ற இரண்டு பாராமீட்டர்கள்தான் எல்லைக்கல். ஏதாவது ஒரு முனையில் மட்டும் 'சமம்' இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் போட்டால் எல்லை நாளின் பில் இரண்டு பார்ட்டிஷனில் (தரவுத் துண்டில்) ஏறி, விற்பனை கூடித் தெரியும்.

செவ்வாய்

மாவட்டத்துக்கு ஒரு புது நெடுவரிசை சேர்க்க வேண்டும். போன வருஷம் இப்படி ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, பவர் பிஐ டெஸ்க்டாப்பிலிருந்து நேரே பப்ளிஷ் செய்தேன். சர்வீஸில் ஆண்டுவாரியாக இருந்த பார்ட்டிஷன்கள் எல்லாம் போய்விட்டன. முழு வரலாற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. அது புதுப்பிப்புக்கான நேர வரம்புக்குள் முடியாமல், காலையில் எல்லோரும் வெற்று ரிப்போர்ட்டைத் திறந்தார்கள். அந்தக் காலை எனக்கு மறக்காது. இந்த முறை ஏஎல்எம் டூல்கிட் வழியாக அமைப்பை மட்டும் அனுப்பினேன். பழைய தரவு அப்படியே இருந்தது.

புதன்

புது நெடுவரிசை கடைசி 10 நாளுக்கு மட்டும் நிரம்பியது, அதற்கு முந்தையது எல்லாம் காலி. எக்ஸ்எம்எல்ஏ இணைப்பு வழியாக ஒவ்வோர் ஆண்டாகப் புதுப்பித்தேன். பழைய ஆண்டுகளை ஏற்றும்போது வாடிக்கையாளரின் வரிப் பதிவு எண்ணில் இன்னொரு சிக்கல். 2017 ஜூலை 1-க்கு முந்தைய வாட் டின் 11 இலக்க எண், அதனால் மூலத்தில் எண்ணாகவே வைத்திருந்தார்கள். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள், ஆங்கில எழுத்தும் கலந்து வரும். இரண்டையும் உரை வகைக்கு மாற்றினேன்.

வியாழன்

அக்காவின் போன்: "2018-ல வேலூர் விற்பனை எப்படிப்பா குறைஞ்சது? என்கிட்ட அன்னைக்கு எடுத்த பிரிண்ட் இருக்கு."

ஆம்பூர் பில் ஒன்றைத் திறந்தேன். தேதி 2018, மாவட்டம் திருப்பத்தூர். ஆனால் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தது 2019 நவம்பர் 28-இல். வாடிக்கையாளர் பட்டியலில் இன்றைய மாவட்டம் மட்டுமே இருந்தது. நான் ஆண்டு ஆண்டாகப் புதுப்பித்தபோது அதுவே பழைய பில்களிலும் ஏறிவிட்டது. காலியாக இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். தவறான பெயரோ சரியானதைப் போலவே உட்கார்ந்திருந்தது. அதுதான் என்னை உலுக்கியது.

வெள்ளி

வாடிக்கையாளர் பட்டியலில் ஆம்பூர் கடைக்கு இப்போது இரண்டு வரிகள்: 2019 நவம்பர் 27 வரை வேலூர், மறுநாள் முதல் திருப்பத்தூர். பில் தேதி எந்த வரிக்குள் விழுகிறதோ அந்த மாவட்டம். 'இன்றைய மாவட்டம்' தனி நெடுவரிசை, ஏனென்றால் வளர்ச்சியை ஒப்பிட அதுவும் வேண்டும். 2018-ஐ மறுபடி ஏற்றினேன். வேலூர் மொத்தம் அக்காவின் பிரிண்டோடு பைசா பிசகாமல் ஒத்துப்போனது.

எனக்குப் பின் இந்த அட்டவணையைத் தொடப்போகிறவரே, நெடுவரிசை சேர்க்கும் முன் முடிந்துபோன ஓர் ஆண்டின் மொத்தத்தைத் தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.